வாந்தி அடங்கிய வரலாறு: 1981-ஆம் ஆண்டுப் பரிசோதனை பற்றிய மறுபரிசீலனை

சிஸ்பிளாட்டின் என்னும் ஔஷதம் 1978-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, விதைப்பைப் புற்றுநோய் போன்ற வியாதிகளில் அதுகாறும் காணாத பலனைத் தந்தபோது, உடன்வந்த கடும் வாந்தி சிகிச்சையையே கைவிடுமளவு நோயாளிகள் சிலரை வாட்டியதும், 1990-களில் அவ்வாந்தி பெருமளவு அடங்கியதும் யாவரும் அறிந்தவை. இம்மாற்றம் எங்கே தொடங்கிற்று என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

மருந்தியல் நோக்கில் இவ்வரலாற்றை எழுதியோர், அதன் பிறப்பிடம் பரிசோதனைச்சாலையே என்பர். 1986-இல் மைனர், சாங்கர் என்னும் இருவர், செரடோனின் ஏற்பிகளுள் ஒருவகையைத் தடுத்தால், பெரட் என்னும் சிறு விலங்குக்குச் சிஸ்பிளாட்டினால் உண்டாகும் வாந்தி நிற்பதைக் காட்டினர். 1991-இல் அவ்வேற்பியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் என்னும் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆகவே ஏற்பியின் ஞானமே காரணம், மருந்து அதன் காரியம் என்பது அவர்கள் கொள்கை. இதற்குப் பக்கபலமும் உண்டு. வாந்தியடக்கும் மருந்தாகிய மெட்டோகுளோபிரமைடு நரம்பிலுள்ள செரடோனின் ஏற்பியைத் தடுப்பதை முயலின் இதயத்தில் 1978-இலேயே போசார்டும் மொபாரக் அலியும் கண்டிருந்தனர். எனினும், கையிலிருந்த ஓர் உண்மை கேள்வியாக மாறுவதற்கு வேறொன்று வேண்டியிருந்தது என்பதை இக்கொள்கை கவனியாது விடுகிறது.

அந்த வேறொன்று, நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மருத்துவமனையில் ரிச்சர்டு கிரல்லாவும் உடனுழைத்தோரும் நடத்தி 1981-இல் வெளியிட்ட பரிசோதனை. மெட்டோகுளோபிரமைடை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம் வீதம், பலமுறை, இரத்தநாளத்தில் செலுத்தினர். வழக்கமான அளவு 10 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கே 120 மில்லிகிராம் ஆகிறது. நோயாளிகளின் வாந்திகளை எண்ணி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், இம்மருந்து பெற்றோரிடம் 1, வெற்று மருந்து பெற்றோரிடம் 10.5. புரோகுளோர்பெரசின் என்னும் மற்றொரு வாந்தியடக்கும் மருந்தோடு ஒப்பிட்ட இரண்டாம் பகுதியில் 1.5-க்கு எதிராக 12.

இவ்விரண்டாம் ஒப்பீட்டிலேயே எதிர்காலத்தின் வித்து இருந்ததென்பது என் துணிபு. டோபமினைத் தடுப்பதாலேயே மெட்டோகுளோபிரமைடு வாந்தியை அடக்குகிறது என்று அக்காலத்தில் நம்பினர். புரோகுளோர்பெரசினும் டோபமினைத் தடுப்பதே. ஒரே வழியில் வேலை செய்வதாகக் கருதப்பட்ட இரு மருந்துகளில் ஒன்று வென்று மற்றொன்று தோற்றதால், அவ்வழியையே சந்தேகிக்க இடம் பிறந்தது. புரோகுளோர்பெரசின் வழக்கமான அளவில் மட்டுமே தரப்பட்டதால் வித்தியாசம் அளவினாலும் வந்திருக்கலாம் என்ற ஆட்சேபம் வலுவானது. இச்சான்று மட்டும் முடிவைத் தாங்காது. ஆயினும் பெருமளவு மெட்டோகுளோபிரமைடு ஏன் வென்றது என்ற கேள்வியே 1986-ஆம் ஆண்டு ஆய்வுக்கு உந்துதலாயிற்று. செரடோனினே விடையாக இருக்கலாம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். படுக்கையருகில் பிறந்த கேள்விக்குப் பரிசோதனைச்சாலை விடையளித்தது என்பதே பொருத்தமான வரிசை.

தொடக்க ஆண்டை 1981 என நிர்ணயிக்கவும் தயங்குகிறேன். வாந்தியடக்கும் மருந்துகளை ஒப்பிடும் கட்டுப்பாடுள்ள ஆய்வொன்றை மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மோர்ட்டெல் 1963-இலேயே வெளியிட்டார். துன்பத்தைச் சகிக்கச் சொல்லாமல் அளந்து பார்க்கத் துணிந்ததே தொடக்கமென்றால், அவருக்கே முதலிடம். சிஸ்பிளாட்டின் வாந்திக்கு மாற்று கண்டதே தொடக்கமென்றால், கிரல்லாவுக்கு. இவ்விரண்டில் ஒன்றைத் தள்ளிவிடப் போதிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

மருந்தியல் விளக்கம் எட்டாத இடம் இன்னொன்றும் உண்டு. கோட்ஸ் முதலியோர் ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளில் எவை மிகவும் வாட்டுகின்றன என்று நோயாளிகளையே கேட்டு 1983-இல் வெளியிட்ட பட்டியலில் வாந்தி முதலிடத்தையும் குமட்டல் இரண்டாமிடத்தையும் பெற்றிருந்தன. அதே முறையில் 1993-இல் கேட்டபோது வாந்தி ஐந்தாமிடத்துக்கு இறங்கிவிட்டது. குமட்டலோ முதலிடத்துக்கு ஏறியது. வாந்தியைச் செவிலியர் கண்டு எண்ணலாம். குமட்டலையோ நோயாளி வாய்திறந்து சொன்னாலன்றிப் பிறர் அறிய இயலாது. எண்ணப்பட்ட துன்பம் முதலில் தணிந்தது தற்செயலன்று என்றே கருதுகிறேன். ஒன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் குமட்டலைவிட வாந்தியையே நன்கு அடக்குவதும் இதற்கு ஒரு காரணமாதலால், இரு காரணங்களின் பங்கையும் பிரித்தறிய இப்பட்டியல்கள் போதா. ஆயினும், இன்று ஒரு சிகிச்சையின் பலனை மதிப்பிடுவோர், நோயாளியின் சொல்லையும் இரத்தப் பரிசோதனைக்கு நிகரான சான்றாகப் பதிவு செய்யவேண்டும் என்பதற்கு இவ்வரலாற்றைவிட வலிய ஆதாரம் வேண்டுவதில்லை.