வலைக்குச் சட்டம், ஆலைக்கு மீன்: மத்தி பாதுகாப்பின் வரலாறு

மலபார் கரையில் மத்தி மீன்பிடிக்குச் சென்னை மாகாண அரசு 1943இல் சில கட்டுப்பாடுகளை விதித்தது. மத்திகொல்லி வலை முதலான சில வலைகளுக்குத் தடை வந்தது. சிறு மீனை அளவுக்கு மேல் கரைசேர்ப்பதும் தடுக்கப்பட்டது. 1947இல் இவை விலக்கிக்கொள்ளப்பட்டன. குஞ்சு மத்தியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி அதே கரைக்குத் திரும்பி வந்தது 2015இல்தான். இடைப்பட்ட காலத்தில் கடல் மீன்பிடிச் சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை படகையும் வலையையும் கரையிலிருந்து தூரத்தையும் பற்றிப் பேசின. மீனின் வயதையும், அதைக் கேட்டு வாங்கும் ஆலையையும் அவை பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. மத்தி பாதுகாப்பின் வரலாற்றில் இதுவே அடிப்படைக் குறை என்பது என் வாதம்.

குமரி மாவட்டத்தில் சாளை, மற்ற கரைகளில் மத்தி, பேச்சாளை என்று வழங்கும் இந்த நெய் மத்தி கடலின் நுண்தாவரங்களை உண்டு கொழுக்கும் மீன். இரண்டரை, மூன்று ஆண்டுக்கு மேல் வாழாது. முதல் ஆண்டிலேயே, ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்ததும், முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஆழத்து நீரை மேலே கொண்டுவந்து மேற்குக் கரைக் கடலைச் செழிக்கச் செய்யும் மாதங்களே இதன் இனப்பெருக்கக் காலம். வஞ்சிரம், சூரை, சுறா, ஓங்கில் எல்லாம் இந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து வருகின்றன. சில நூறு ரூபாய் கொடுத்து வஞ்சிரம் வாங்க முடியாத வீடுகளின் குழம்பும் இதை நம்பியே இருக்கிறது. ஆயுள் குறைவு என்பதால் ஓர் ஆண்டின் முட்டை பொய்த்தாலும் அடுத்த ஆண்டே கடல் வெறிச்சோடிவிடும். பாதுகாப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த மீனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனதில் அரசின் கை இருந்தது. ஐ.சி.எஸ். பணியிலிருந்து ஓய்வுபெற்ற சர் பிரெடெரிக் நிக்கல்சன் 1905இல் மாகாண மீன்வளத்தை ஆராய அமர்த்தப்பட்டார். ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பார்த்து 1907இல் அறிக்கை எழுதினார். அன்று மலபாரில் மத்தி குவியும் நாட்களில் உண்டது போக மிஞ்சியதை மணலில் பரப்பிக் காயவைத்து உரமாக விற்பார்கள். அழுகவிட்டும் எண்ணெய் எடுப்பார்கள். அந்த விரயத்தையும் நாற்றத்தையும் ஒழிக்க நிக்கல்சன் எளிய முறை ஒன்றைப் பரப்பினார். மீனை அகன்ற கொப்பரையில் வேகவைத்து, கயிற்றுப் பைகளில் அடைத்து, திருகு அழுத்தியில் பிழிவது. வடியும் நீரில் மிதக்கும் எண்ணெயை மேலாக எடுத்துக்கொள்ளலாம். பைக்குள் எஞ்சும் சக்கையை உலர்த்தினால் ‘குவானோ’ என்ற மீனுரம். எண்ணெய் தோல் பதனிடவும் சோப்புக்கும் மரப்படகுகளுக்குப் பூசவும் போயிற்று. உரம் தோட்டங்களுக்குப் போயிற்று. சிறிய முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில் என்பதால் சில ஆண்டுகளிலேயே மலபார், தென் கன்னடக் கரைகளில் நூற்றுக்கணக்கான பிழிகூடங்கள் முளைத்தன.

நிக்கல்சனின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வீணாகும் மீனைப் பயனாக்கவே அவர் முயன்றார். ஆனால் மிஞ்சிய மீனுக்காகக் கட்டிய கூடம், நாளடைவில் மீன் மிஞ்ச வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மீனின் அளவு பொருட்டல்ல. சந்தையில் குஞ்சு மீன் விலைபோகாது; கொப்பரைக்கு எல்லா மீனும் ஒன்றுதான். மத்தியின் பிந்தைய வரலாறு முழுக்க இந்த வேறுபாட்டின் விளைவு என்றே சொல்லலாம்.

மீன்வள ஆய்வாளர்களான ஜேம்ஸ் ஹார்னெலும் எம். ராமசாமி நாயுடுவும் சேர்ந்து 1923இல் மத்தியின் வாழ்க்கை வரலாற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடி. மத்தியின் வளர்ச்சியையும் முட்டையிடலையும் மலபார் கடலின் மிதவை நுண்ணுயிர்களோடு இணைத்துப் பார்த்தது அது. 1940களில் மத்தி வரத்து சரிந்தபோது அதன் காரணங்களை ஆராய்ந்த மீன்வள ஆய்வாளர் தேவநேசனின் 1943 அறிக்கை, முட்டையிடும் மீனும் குஞ்சு மீனும் அழிக்கப்படுவதைச் சுட்டியது. மேலே சொன்ன கட்டுப்பாடுகள் அந்தப் பின்னணியில் வந்தவை. பல நூறு கிலோமீட்டர் நீளக் கரையில், ஒவ்வொரு துறையிலும் இறங்கும் மீனைச் சோதிப்பது அன்றைய சிறிய மீன்வளத் துறைக்கு எளிதான காரியமல்ல. என்றாலும் அந்த விதிகளில் ஒன்று மீனின் பருவத்தை அளவுகோலாக வைத்தது. அந்தச் சிந்தனை விதிகளோடு சேர்ந்தே கைவிடப்பட்டது.

விதிகள் விலக்கப்பட்ட அதே 1947இல்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டு, பின்னர் மண்டபத்தில் இயங்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. ஆண்டுதோறும் எவ்வளவு மத்தி பிடிபடுகிறது என்று இன்று நமக்குத் தெரிவது பெரிதும் அந்த நிறுவனத்தின் கணக்கெடுப்பால்.

அடுத்த திருப்பம் எந்திரத்தால் வந்தது. கர்நாடகக் கரையில் ஊரே கூடி நின்று இழுக்கும் ரம்பணிக் கரைவலையை 1970களின் பிற்பாதியில் சுருக்குமடி வலை ஒதுக்கித் தள்ளியது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பகுதிக் கயிற்றை இழுத்து மூடி, கூட்டத்தை மொத்தமாக அள்ளிவிடும் வலை இது. ரம்பணிக்காரர்கள் போராடினார்கள். கேரளத்தில் 1980களில் இதன் சிறு வடிவமான ரிங் வலை பரவியது. சிறு மீனவரின் கருவியாக வந்த அது, படகும் எஞ்சினும் பெருக்கப் பெருக்க, ஒரு கிலோமீட்டர் நீளம் வரை வளர்ந்தது.

கேரளம் 1980இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1988இல் மழைக்கால இழுவைமடித் தடையைத் தொடங்கியது. இழுவைப் படகுகளுக்கு எதிராகப் பாரம்பரிய மீனவர்கள் வென்றெடுத்த உரிமை அது; அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தடை அடித்தளத்தில் இறால் வாரும் மடியைக் குறித்தது. மேல்மட்டத்தில் உலவும் மீனைப் பிடிக்கப் பாரம்பரியப் பிரிவுக்கு அனுமதி தொடர்ந்தது. அதை உறுதிசெய்ய 2007இல் தனிச் சட்டமும் வந்தது. ஆக, மத்தி முட்டையிடும் அதே மாதங்களில் ரிங் வலை கடலில் இருக்கலாம். தடைக்காலம் என்ற சொல் மக்கள் மனத்தில் தரும் நிம்மதி இந்த மீனுக்குப் பொருந்தவில்லை.

தமிழ்நாட்டின் கதை வேறு வழியில் போயிற்று. இங்கு 1980கள் வரை மத்தி பெரிய அளவில் இல்லை. பிறகே கிழக்குக் கரையில் வரத்து கூடியது. 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே சுருக்குமடி வலைக்கு 2000இல் மாநில அரசு தடை விதித்தது. கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரிக் கரைகளில் இந்தத் தடை ஊர்களையே பிரித்தது. கடன் வாங்கி வலை போட்டவர்கள் ஒரு பக்கம். சிறு படகில் செவுள்வலை வீசுபவர்கள் மறுபக்கம். தடையை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணை, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை இந்த வலைக்கு இடம் தந்தது. வழக்காடியவர்கள் தூரத்தையும் நாளையும் பற்றி வாதிட்டார்கள். எவ்வளவு மீன், எந்த வயது மீன் என்ற கேள்வி பின்னால் நின்றுகொண்டது.

அந்தக் கேள்விக்கு விடை கேரளக் கடலில் கிடைத்தது. அங்கு 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் அது 3,297 டன். 1994க்குப் பின் அவ்வளவு குறைந்ததில்லை. இதை மிகைமீன்பிடியின் விளைவு என்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையல்ல. 2015 எல் நினோ, கடல் வெப்பம், மழையின் மாற்றம் ஆகியவை மத்தியின் இரையையும் இனப்பெருக்கத்தையும் குலைத்தன. ஆனால் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரின் 2018 ஆய்வு, அளவு மீறிய பிடிப்பும் காலநிலையும் சேர்ந்தே சரிவைக் கொண்டுவந்ததாகக் காட்டியது. இயற்கையின் ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. இறக்கம் வரும் ஆண்டில் முட்டையிட மீன் மிச்சம் இருக்குமா என்பது நம் கையில்தான் இருக்கிறது. 2023இல் கேரளத்தில் வரத்து 1.38 லட்சம் டன்னுக்கு மீண்டது. வாய்ப்புக் கிடைத்தால் இந்த மீன் எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதற்கு அது சான்று.

அப்படித் திரும்பும் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கிறதா? கேரளம் 2015இல் 14 மீன் வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்தது. மத்திக்கு 10 செ.மீ. முட்டையிடும் பருவத்துக்கு 15 செ.மீ. ஆக வேண்டிய மீனை 10 செ.மீ.யில் பிடிக்கலாம் என்பது அரைக்காவல். ஆயினும் 1947இல் கைவிட்ட சிந்தனை திரும்பி வந்தது என்ற வகையில் அது பெரிய அடி. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. குஞ்சு மீனை ஏற்றிய லாரியோ எல்லையைக் கடந்துவிடுகிறது.

நிக்கல்சன் காலக் கொப்பரையின் இடத்தில் இன்று மேற்குக் கரையெங்கும் மீன்மாவு ஆலைகள் இருக்கின்றன. ஒரு கிலோ மாவுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் போகிறது. அந்த மாவு இறால் பண்ணைகளின் தீவனமாகிறது. சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான படகுகளின் மீனைத் துறைதோறும் சோதிக்க முடியாமல் 1943 விதி வீழ்ந்தது. ஆலைகளோ எண்ணிவிடக்கூடியவை, உரிமம் பெற்றவை, எடைமேடையும் கொள்முதல் ஏடும் உள்ளவை. குறைந்தபட்ச அளவை ஆலை வாசலில் சோதிப்பதும், எந்த மீன் எந்தத் துறையிலிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கை எல்லாக் கடலோர மாநிலங்களும் ஒரே படிவத்தில் கேட்பதும் புதிய அமைப்பு எதையும் வேண்டாத வேலைகள்.