பொழுதும் மணியும்

ஒரு நாள் எப்போது தொடங்குகின்றது? சிறு பிள்ளையும் விடை கூறக்கூடிய வினாவாக இது தோன்றும். ஆயினும், ஆராயப் புகுந்தால் அவ்விடை ஒன்றன்று, மூன்று என்பது புலனாகும்.

வியாழக்கிழமை இரவு நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு ஒரு குழந்தை பிறக்கின்றது எனக் கொள்வோம். பிறப்புப் பதிவேட்டில் அக்குழந்தை வெள்ளிக்கிழமைப் பிள்ளை. அரசாங்கத்தின் நாள் நள்ளிரவில் தொடங்குவதே காரணம். சாதகம் கணிக்கும் சோதிடருக்கோ அது வியாழக்கிழமைப் பிள்ளை. பஞ்சாங்கத்தின் நாள் ஞாயிறு எழும்போதே தொடங்கும். இசுலாமிய வழக்கில் நாள் தொடங்குவது ஞாயிறு மறையும்போது. ஆகவே, அக்குழந்தை பிறப்பதற்குப் பல மணித்தியாலம் முன்னரே, வியாழன் அந்தியிலேயே, வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது. இம்மூன்று கணக்கும் இந்நாட்டில் ஒரே தெருவில் வாழும் அயலவரிடையே இன்றும் வழங்குகின்றன. எவருடைய கணக்கும் பிழையன்று. காலத்தை எவ்விடத்தில் வெட்டுவது என்பதை இயற்கை நமக்குச் சொல்லவில்லை. மக்களே அதனைத் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் வரலாறே நாம் ஈண்டு நோக்கற்குரியது.

தமிழர் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரு வகைப்படுத்தினர். பெரும்பொழுது ஆண்டின் கூறு. சிறுபொழுது நாளின் கூறு. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுது ஆறு என்பது நாம் பள்ளியிற் கற்ற கணக்கு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணித்தியாலம் கொண்டது. தொல்காப்பியர் இவற்றை வெறும் கால அளவாகக் கருதவில்லை. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என நிலத்தோடும் வாழ்க்கையோடும் பிணைத்தார். மேய்ச்சலுக்குச் சென்ற ஆனிரை வீடு திரும்பும் வேளையே மாலை. வெயில் காயும் வேளையே நண்பகல். பெயரைக் கேட்ட அளவில் நிலமும் தொழிலும் மனத்தில் எழுதல் வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம்.

இப்பெயர்களின் எல்லை பற்றியும் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. நம்பியகப்பொருள் சிறுபொழுதை ஐந்து என்றே எண்ணுகின்றது. எற்பாடு என்னும் சொல்லை ஞாயிறு சாயும் வேளை எனப் பெரும்பான்மையோர் கொள்ள, அது ஞாயிறு தோன்றும் வேளையே என வாதித்தோரும் உளர். எல் என்பது ஞாயிறு. 'படுதல்' என்பது மறைதலையும் குறிக்கும், தோன்றுதலையும் குறிக்கும். ஒரு சொல்லின் பொருள் மாறினால் நெய்தல் நிலத்துத் தலைவியின் துயரமே மாலையை விட்டுக் காலைக்கு இடம்பெயர்ந்துவிடும். ஆதலின் இவ்வாதம் வீண் வாதமன்று.

ஏட்டு வழக்கை விடுத்து ஊர் வழக்கை நோக்குவோமாயின், யாழ்ப்பாணத்து மக்கள் நாளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருத்தல் தெரியவரும். விடியப்புறம், வெள்ளண, மத்தியானம், பின்னேரம், பொழுதுபடும் நேரம், மைமல், செக்கல், சாமம், நடுச்சாமம் என்பன வீடுகளில் வழங்கும் சொற்கள். தோட்டக்காரர் துலா மிதித்து நீர் இறைக்க எழுந்தது விடியப்புறம். விளக்கேற்றும் வேளை மைமல். இவற்றுள் எதுவும் மணிக்கூட்டைப் பார்த்து வைத்த பெயரன்று. வானத்தின் ஒளியையும் கையிலிருந்த வேலையையும் பார்த்து வைத்த பெயர்கள். அந்தியில் மலர்வதை அந்திமந்தாரை என்றழைத்ததும் இம்மரபைச் சார்ந்ததே. சைவ ஆலயத்தின் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்னும் பூசைகளும், பள்ளிவாசலின் ஐவேளைத் தொழுகை அழைப்பும், கத்தோலிக்க ஆலயத்தின் திரிகால மணியும் ஊருக்கே பொழுது அறிவித்தன.

எனினும், பெயர் மட்டும் போதாத இடங்களும் இருந்தன. முகூர்த்தம் குறிக்கவும், பாசறையிற் காவல் மாற்றவும் அளவு வேண்டியதாயிற்று. ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம். ஏழரை நாழிகை ஒரு சாமம். கன்னல் என்னும் நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிற் காண்கின்றோம்.

கண்டி இராச்சியத்திலும் இம்முறையே நிலவியது. 1660 ஆம் ஆண்டு தொடக்கம் 1679 ஆம் ஆண்டுவரை அங்கே சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விவரித்துள்ளார். பகல் முப்பது, இரவு முப்பது எனச் சிங்கள மக்கள் நாளை அறுபது 'பெய'யாகப் பிரித்தனர். அடியில் நுண்ணிய துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்று நீரில் மிதக்கவிடப்படும்; அது நிரம்பி மூழ்கினால் ஒரு பெய கழிந்தது. ஆனால், அக்கிண்ணமும் அதனைக் காத்திருக்கும் ஆளும் அரசனுக்கே உரியன. குடிமக்களோ ஒரு மலர் விரிவதைக் கண்டும், உத்தேசத்தாலும் நேரம் அறிந்தனர். அளவு அரண்மனையில், பெயர் குடிசையில் என்னும் இந்நிலை சிந்தித்தற்குரியது.

தமிழ் நாட்டுப்புறத்தில் ஏழைக்கும் ஒரு கருவி இருந்தது. பதினாறு விரற்கடை நீளமான ஒரு துரும்பை வெயிலில் மடித்து ஒரு பகுதியை நிலத்திற் கிடத்தி, மறு பகுதியை நிமிர்த்தி வைப்பர். நிமிர்ந்ததன் நிழல் கிடந்ததன் நுனியைச் சரியாகத் தொடும்படி மடிப்பைச் சரிசெய்தால், நிமிர்ந்து நிற்கும் விரற்கடையே நாழிகைக் கணக்கு. முற்பகலாயின் அது கழிந்த நாழிகை. பிற்பகலாயின் எஞ்சிய நாழிகை.

இவ்வளவைகள் அனைத்திற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: அவை அவ்வவ்வூர்ச் சூரியனுக்கே கட்டுப்பட்டவை. மட்டக்களப்பில் உச்சியாகி ஏறக்குறைய ஏழு நிமிடத்தின் பின்னரே யாழ்ப்பாணத்தில் உச்சியாகும். மாட்டுவண்டியிற் செல்வோர்க்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டன்று; தந்திக்கும் புகைவண்டிக்கும் அது பொருட்டாயிற்று. 1905 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே இரயிற் பாதை முழுமையுற்றது. 1906 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பொது நேரம் ஒன்று நாடு முழுமைக்கும் வந்தது. இந்நேரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. அக்கோடோ இலங்கையின் எந்த ஊரையும் தொடாது கிழக்கே கடலிற் செல்வது! அன்று தொட்டு நம் மணிக்கூடுகள் காட்டும் பன்னிரண்டு மணி, நம் தலைமேலுள்ள சூரியனின் உச்சியன்று. யாழ்ப்பாணத்தில் அது சராசரி பத்து நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகின்றது.

உடன்பாட்டால் வந்த நேரத்தை ஆணையால் மாற்றவும் இயலும். உலகப் போரின்போது 1942 ஆம் ஆண்டில் மணிக்கூடுகள் அரை மணித்தியாலமும், பின் மேலும் அரை மணித்தியாலமும் முன் தள்ளப்பட்டன. 1945 ஆம் ஆண்டில் பழைய நிலைக்கு மீண்டன. வரட்சியால் மின்சாரம் குறைந்த 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் ஒரு மணித்தியாலம் கூட்டப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதிற் பாதி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை நீடித்தது. அக்காலத்தில் தை மாதத்து யாழ்ப்பாணத்தில் ஞாயிறு எழ ஏழு மணியாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் இருளில் வீட்டை விட்டுப் புறப்பட்டனர். அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த வன்னிப் பகுதியிலோ பழைய நேரமே வழங்கியது. ஆகவே, ஒரே சூரியனின் கீழ், சோதனைச் சாவடிக்கு இப்பால் ஏழு மணி, அப்பால் ஆறரை மணி என்னும் நிலை உண்டாயிற்று. நாடு இரண்டுபட்டிருந்தமையை மணிக்கூட்டு முள்ளும் காட்டியது.

இவ்வளவு மாற்றத்தினிடையேயும் மாறாதிருந்தது எது? விடியப்புறம் விடியப்புறமாகவே இருந்தது; மைமலும் மைமலாகவே இருந்தது. எந்த ஆணையாலும் அவற்றை முன்னோ பின்னோ நகர்த்த இயலவில்லை. புகைவண்டிக்கும் பரீட்சைக்கும் வைத்தியசாலைக்கும் மணி இன்றியமையாதது. அதனை இகழ்தல் அறிவுடைமையன்று. ஆனால், மணி என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. பொழுதோ மனிதர் வானத்தோடு கொண்ட உறவு. பிள்ளைகளுக்கு மணிக்கூடு பார்க்கப் பழக்கும் பெற்றோரும் ஆசிரியரும், வைகறை எது, எற்பாடு எது, செக்கல் எது என்பதையும் முற்றத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவார்களாயின், அச்சொற்கள் அகராதியில் மட்டும் வாழும் நிலை வாராது.