இலண்டனில் முடங்கிய இந்தியப் பணம்

1947 ஆகஸ்ட் 14ஆந் திகதி இரவு டில்லியில் அதிகாரம் கைமாறியதை எல்லோரும் அறிவர். அதே நாளில் இன்னொரு உடன்படிக்கையும் கையெழுத்தானது. பிரித்தானியா இந்தியாவுக்குக் கொடுக்கவேண்டியிருந்த ஏறத்தாழ 1,160 மில்லியன் பவுணை இரண்டு கணக்குகளாகப் பிரித்து, அதில் பெரும்பகுதியை இரண்டாவது கணக்கில் முடக்கிவைத்தது அது. அவ்வாண்டு முடிவுவரை விடுவிக்க இணங்கிய தொகை 35 மில்லியன். கையிருப்பாக மேலும் 30 மில்லியன். தன் பணத்தில் எவ்வளவை எடுக்கலாம் என்பதைச் சுதந்திர நாடு கடனாளியிடமே கேட்கவேண்டியிருந்தது.

இப்பணம் சேர்ந்த விதத்தை முதலில் பார்க்கவேண்டும். 1939 நவம்பர் ஏற்பாட்டின்படி, இந்திய எல்லைக்கு வெளியேயான யுத்தச் செலவில் பெரும்பகுதி பிரித்தானியாவைச் சார்ந்தது. ஆனால் இந்தியாவில் வாங்கிய பொருட்களுக்கு அது அப்போதே பெறுமதி எதையும் கொடுக்கவில்லை. இலண்டனில் ரிசேர்வ் வங்கியின் பெயரில் ஸ்ரேர்லிங் வரவு எழுதப்பட்டது. அந்த வரவைப் பிணையாகக் கொண்டு இந்தியாவில் நோட்டு அச்சிடப்பட்டது. சட்டம் இதற்கு இடமளித்தது. யுத்தம் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. விலைகள் ஏறின. 1943இல் தொடங்கிய வங்காளப் பஞ்சத்தில் இருபது தொடக்கம் முப்பது இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பஞ்சத்துக்கு இதுவொன்றே காரணமென்று நான் வாதிடவில்லை. ஆயினும் அந்தக் கடனை உண்மையில் கொடுத்தவர்கள், விலையேற்றத்தால் அரிசி வாங்க முடியாமற்போனவர்கள்தாம். பின்னர் நடந்த எந்தப் பேச்சுவார்த்தையிலும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இந்தியாவைப் பாதுகாத்ததற்கு எதிர்க்கணக்குக் காட்டவேண்டும் என்பது சேர்ச்சிலின் நிலைப்பாடு. 1944இல் பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகள் இப்பிரச்சினையைச் சர்வதேச நாணய நிதியத்தின் பொறுப்பிற்குள் கொண்டுவர முயன்று தோற்றனர். 1947இல் தொழிற்கட்சி நிதியமைச்சர் டால்ரனும் தொகையைக் கணிசமாகக் குறைக்கவேண்டும் என்றே பேசினார்.

இறுதியில் பிரித்தானியா எதையும் வெட்டவில்லை, முழுவதையும் கொடுத்தது என்று எழுதுவோர் உண்டு. கணக்குப் புத்தகத்தின்படி அது சரி. ஆனால் 1948 யூலை உடன்படிக்கையைப் பாருங்கள். இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் (1932இல் ஒட்டாவாவில் பேரரசு வர்த்தகச் சலுகைக்கு இணங்கிய குழுவிலும் இருந்த கோயம்புத்தூர்க்காரர்). பிரித்தானியப் படைகள் விட்டுச்சென்ற தளபாடங்களுக்கும் கட்டுமானங்களுக்குமாக 100 மில்லியன் கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற பிரித்தானிய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு மத்திய அரசின் பேரில் 147.5 மில்லியன், மாகாணங்களின் பேரில் 20.5 மில்லியன் முன்கூட்டியே கட்டப்பட்டது. ஆண்டவர்களின் முதுமைக்கு ஆளப்பட்டவர்கள் மொத்தமாகப் பணம் வைத்த இந்த ஏற்பாட்டை ஒரு விட்டுக்கொடுப்பு என்றுகூட எவரும் அன்று பெயரிடவில்லை.

1949 செப்ரெம்பரில் பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்கு இறக்கப்பட்டது. ரூபாயும் கூடவே இறங்கியதால் ரூபாய்க் கணக்கில் நட்டமில்லை. ஆனால் அமெரிக்கக் கோதுமைக்கும் இயந்திரத்துக்கும் அந்தச் சேமிப்பின் பெறுமதி ஏறத்தாழ மூன்றிலொன்று குறைந்துபோயிற்று.

எஞ்சியது 1956இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் இறக்குமதிகளில் வேகமாகக் கரைந்தது. 1958இல் இந்தியாவுக்குக் கடன் வழங்குவதற்கென நாடுகளின் கூட்டமைப்பொன்று உருவானபோது, அதில் பிரித்தானியாவும் இருந்தது.