மின் உருகி இடம் பெற்ற வரலாறு

மின்விளக்கு வீடுகளுக்கு வருமுன்னரே, மின்சாரத்தினின்று கருவிகளைக் காக்க வேண்டிய தேவை தோன்றிவிட்டது. ஐரோப்பாவில் தந்திக் கம்பிகள் ஊர்விட்டு ஊர் நீண்ட காலத்தில், அவற்றின்மேல் விழுந்த மின்னல் கம்பி வழியே நிலையத்துள் புகுந்து கருவிகளைக் கருக்கியது. 1847ஆம் ஆண்டில், கடிகாரத் தொழிலிற் புகழ்பெற்ற குடும்பத்தில் தோன்றிய லூயி பிரெகே என்னும் பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு வழி கூறினார். கருவிக்கு முன்னே மிக மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை இணைத்துவிட்டால், மின்னல் பாயும்போது அதுவே முதலில் உருகி அறும், கருவி பிழைக்கும். காவலுக்கு வலியவனை நிறுத்துவதே உலக வழக்கு. இங்கோ மெலிந்ததே காவலாயிற்று. பொதுமக்கள் ‘பியூஸ்’ என்று வழங்கும் உருகியின் தொடக்கம் இதுவே.

இதன் தத்துவம் எளிது. மின்னோட்டம் பாயும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இருமடங்கானால் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பி அவ்வாறு சூடேறித் தீப்பற்றுமுன், கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் சிறு கம்பி அறுந்துவிட வேண்டும். ஆயினும், அவ்விடம் எது என்பதைத் தெளிவதற்கு நூறாண்டு ஆயிற்று.

அமெரிக்காவில் எடிசன் தம் விளக்குகளுக்கான காப்புக் கம்பிக்கு 1880இல் காப்புரிமை பெற்றார். 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரு வீட்டில் நேரும் பழுது தெரு முழுவதையும் இருளாக்கலாகாது. ஆகவே பெருங்கம்பியினின்று சிறுகம்பி கிளைக்கும் இடமே உருகிக்கு உரிய இடம் என்பது பெறப்பட்டது. கம்பி எங்கே மெலிகிறதோ, அங்கே அதன் தலைப்பில் உருகி வேண்டும். பின்வந்த விதிகளுக்கெல்லாம் இதுவே வேர்.

எத்துணைத் தடிப்புள்ள கம்பி எத்துணை மின்னோட்டத்தில் உருகும் என்பதை ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ். 1880களில் அவர் கண்ட விதிப்படி, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பி ஏறத்தாழ 80 ஆம்பியரில் உருகும். அரை மில்லிமீட்டர்க் கம்பியோ 28 ஆம்பியரிலேயே உருகிவிடும். அடிக்கடி அறுகிறதே என்று சலித்து, இருமடங்கு விட்டமுள்ள கம்பியைக் கட்டி வைப்பவர் காவலை இருமடங்கு தளர்த்தியதாக எண்ணுவர். உண்மையில் அது மூன்று மடங்கை நெருங்கிவிடுகிறது. வீடுகள் தீப்பற்றியமைக்கு இத்தகைய ‘பழுதுபார்ப்பு’ ஒரு காரணம். உருகுங்கால் தோன்றும் தீப்பொறியை அடக்க, தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் உருகியை வைக்கும் முறைக்கு 1890இல் மார்டி என்பார் காப்புரிமை பெற்றார்.

மலாயாவுக்கும் மின்சாரம் விரைவிலேயே வந்தது. 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவினர்.

இனி, இரு கம்பிகளுள் எதில் உருகியை வைப்பது? தொடக்க காலத்தில் இரண்டிலும் வைத்தனர். இரண்டும் நிலத்தோடு இணைக்கப்படாத முறைக்கு அது பொருந்திற்று. பின்னர் ‘நியூட்ரல்’ கம்பியை நிலத்தோடு இணைக்கும் முறை பரவியபோது, பழைய பழக்கமே ஆபத்தாயிற்று. நியூட்ரல் உருகி மட்டும் அறுந்தால் விளக்கு அணையும். மின்சாரம் நின்றது என நம்பி ஒருவர் கை வைப்பார். ‘லைவ்’ கம்பியிலோ முழு மின்னழுத்தமும் நிற்கும். ஆதலின் வீட்டு இணைப்புகளில் உருகி லைவ் கம்பியில் மட்டுமே இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. விசைக்கும் இதே நியாயம். வகுப்பில் மின்சுற்றுப் படம் வரையும் மாணவர் பலர் உருகியை எக்கம்பியிலேனும் போட்டுவிடுவது உண்டு. ஆசிரியர் அதைச் சிறு பிழையெனக் கருதலாகாது.

உருகியின் இடப்பெயர்ச்சி இத்துடன் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னமைப்பை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் உறுப்பினருள் ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட் அம்மையார். செம்பு அரிதாயிருந்தமையால், ஒரே கம்பியை வளையமாகச் சுற்றிவந்து பல அறைகளுக்கும் மின்சாரம் தரும் முறை பரிந்துரைக்கப்பட்டது. அவ்வளையத்தின் தலைப்பில் 30 ஆம்பியர் உருகி இருக்கும். ஆனால் மேசை விளக்கின் மெல்லிய கம்பியை 30 ஆம்பியர் உருகி எவ்வாறு காக்கும்? கம்பி மெலியும் இடம் செருகியே. எனவே உருகியும் செருகிக்குள் புகுந்தது. 1947இல் வகுக்கப்பட்ட அந்த 13 ஆம்பியர் செருகியே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயன்படுவது.

பெட்டிகளில் கம்பி உருகிகளின் இடத்தைத் தானியங்கி விசைகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. செருகிக்குள் இருப்பது மட்டும் நீடிக்கிறது. எனினும், 3 ஆம்பியர் உருகி இருக்கவேண்டிய விளக்கின் செருகியில் 13 ஆம்பியர் உருகி இருப்பதைப் பல வீடுகளில் காணலாம். விளக்கு வழக்கம்போல் எரியும். அதன் மெல்லிய கம்பியில் 10 ஆம்பியர் பாய்ந்து உறை இளகும்போதும், அவ்வுருகி அசையாது.