ஆனி மூர்: டெக்சஸ் கதையும் மன்ரோ தெருக் குடும்பமும்

நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது, அதன் பதிவேட்டில் முதலில் ஏறிய பெயர் ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த இந்தப் பெண், தம்பிகள் ஆன்டனி, பிலிப் ஆகிய இருவருடன் 1891 டிசம்பர் 20இல் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் ‘நெவாடா’ நீராவிக் கப்பல் ஏறினார். கப்பலின் அடித்தளத்தில், மிகக் குறைந்த கட்டணத்தில் பயணம் செய்தவர்களில் இவர்களும் அடக்கம். பெற்றோர் மாத்யூவும் ஜூலியாவும் 1888இலேயே அமெரிக்கா சென்று, மன்ஹாட்டனில் மன்ரோ தெரு 32ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்கள். நிலையக் கண்காணிப்பாளர் கர்னல் ஜான் வெபர் ஆனிக்குப் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். மறுநாள் செய்தித்தாள்கள் இதை விரிவாக எழுதின. அதற்குப் பிறகு அவர் பெயர் செய்தியில் வரவில்லை.

1954இல் மூடப்படும் வரை அந்த நிலையத்தின் வழியே ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் முதலாமவரின் பிற்கால வாழ்க்கையை அறியும் ஆவல் இயல்பானது. அந்த ஆவலுக்குக் கிடைத்த முதல் விடை தவறான விடை. அது பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. எந்த வாதங்களின் பலத்தில் நின்றது என்பதைப் பார்க்காமல் உண்மையான ஆனியின் வாழ்க்கைக்குள் போக முடியாது.

அந்த விடையை டெக்சஸ் வாசிப்பு எனலாம். அதன்படி, ஆனி குடும்பத்தோடு மேற்கே பயணப்பட்டு டெக்சஸ் சேர்ந்தார். அயர்லாந்தின் விடுதலைத் தலைவர் டேனியல் ஓ’கானலின் வழிவந்த ஒருவரை மணந்தார். 1920களின் தொடக்கத்தில், 46ஆம் வயதில், ஃபோர்ட் வொர்த் அருகே டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அந்தப் பெண்ணின் வழித்தோன்றல்கள் தங்கள் குடும்பத்தில் வழங்கிய செய்தியை நம்பிக்கையோடு முன்வைத்தார்கள். நினைவு விழாக்களில் ஆனியின் வாரிசுகளாக வரவேற்கப்பட்டார்கள். 1993இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் கோவ் (முன்னாள் குவீன்ஸ்டவுன்) துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் ஆனியின் சிலைகளைத் திறந்துவைத்தபோது, பொதுமக்கள் அறிந்திருந்த வரலாறு இதுதான்.

இந்த வாசிப்பை வெறும் கற்பனை என்று தள்ளுவது அதற்கு நியாயம் செய்வதாகாது. அதற்கு மூன்று தூண்கள் இருந்தன. முதலாவது பெயர்ப் பொருத்தம். இரண்டாவது வயதுப் பொருத்தம். இது மேலோட்டமாகப் பார்க்கிறவர்களின் கண்ணில் படுவதில்லை. 1892இன் செய்தித்தாள்கள் ஆனி கரையிறங்கிய நாளே அவருடைய 15ஆவது பிறந்தநாள் என்று எழுதின. அப்படியானால் அவர் 1877இல் பிறந்திருக்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் 46 வயதில் இறந்தவரும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் பிறந்திருப்பார். ஆகவே அச்சில் வந்த செய்தியும் குடும்பச் செய்தியும் ஒன்றையொன்று தாங்குவதாகத் தோன்றின. மூன்றாவது கதையின் வடிவம். கிழக்குக் கரையில் இறங்கி மேற்கே சென்று நிலத்தில் வேரூன்றுவது என்பது அமெரிக்கா தன்னைப் பற்றி விரும்பிச் சொல்லிக்கொள்ளும் கதை. அதில் ஓ’கானல் என்ற பெயரும் சேர்ந்துகொண்டபோது, அயர்லாந்தின் வரலாறும் அமெரிக்காவின் வரலாறும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் சந்தித்துவிட்டன. இவ்வளவு பொருந்தி வரும் வாழ்க்கை வரலாற்றை ஐயுற எவருக்கும் மனம் வரவில்லை.

மூன்று தூண்களில் எதுவும் நிற்கவில்லை. மரபுவழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக், குடியேற்றம் குறித்த ஆவணப்படம் ஒன்றுக்காக டெக்சஸ் ஆனியின் ஆவணங்களைத் தேடினார். அந்தப் பெண் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்பதை அவை காட்டின. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த ஒருவர் 1892இல் குடியேறியாக வந்திறங்க முடியாது. மறுப்புக்கு இந்த ஒரு செய்தியே போதும். வயதுப் பொருத்தமும் கலைந்துபோனது. கார்க் பெண் பிறந்தது 1874இல். பிறந்தநாளும் ஜனவரியில் இல்லை என்பதை அயர்லாந்து ஆவணங்கள் காட்டுகின்றன. கரையிறங்கிய அன்று அவருக்கு 17 வயது. புத்தாண்டு, புதிய நிலையம், பதினைந்தாம் பிறந்தநாள் என்ற மும்மடங்கு மங்கலத்தில் மூன்றாவது உண்மையல்ல. அது அதிகாரிகள் சொன்னதா, குடும்பத்தார் சொன்னதா, நிருபர் சேர்த்ததா என்பது தீராத கேள்வி. ஒரு பிழையான வயது, வேறொரு பெண்ணுக்குச் சரியாகப் பொருந்தி, கார்க் ஆனிக்கு அவர் வாழாத வாழ்க்கையை வழங்கிவிட்டது.

ஆனால் டெக்சஸ் வாசிப்பின் ஆழமான குறை ஆவணத்தில் அல்ல, முறையில் இருக்கிறது. ‘ஆனி மூர்’ என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தேடும் எவரும் கார்க் பெண்ணைக் கண்டிருக்கவே முடியாது என்று இங்கே வாதிட இடமுண்டு. அமெரிக்க மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஆனி வந்தது 1892. திருமணம் செய்தது 1895. இரண்டும் 1890, 1900 கணக்கெடுப்புகளுக்கு இடையில் அடங்கிவிடுகின்றன. ஆகவே 1900இல் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டியபோது அவர் கணவரின் குடும்பப் பெயரான ஷேயருக்கு மாறிவிட்டிருந்தார். மூர் என்ற பெயரில் அவரைப் பதிவு செய்யும் மத்தியக் கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெயரில் கிடைக்கும் ஒவ்வொருவரும் வேறொருவராகத்தான் இருந்தாக வேண்டும். மூர் அரிதான பெயருமல்ல; ஆனி அதனினும் பொதுவான பெயர்.

குடியுரிமைத் தாள்களும் இவருக்கு உதவியிருக்காது. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் திருமணத்தாலேயே குடியுரிமை பெற்றார். தனி விண்ணப்பமோ சான்றிதழோ தேவைப்படவில்லை. திருமணமான பெண்ணின் குடியுரிமையைக் கணவரிடமிருந்து பிரித்த கேபிள் சட்டம் 1922இல்தான் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஆனி இறந்துவிட்டார். வாக்காளர் பட்டியலிலும் நியூயார்க் மாநிலப் பெண்கள் 1917க்குப் பிறகே இடம்பெற்றார்கள். சொத்தில்லாத, வேலைக்குப் போன பதிவில்லாத, குடியிருப்பை அடிக்கடி மாற்றிய ஏழைத் தாய் ஒருவர் அரசுத் தாள்களில் தென்படுவது திருமணம், பிள்ளைப்பேறு, சாவு ஆகிய மூன்று இடங்களில்தான். அவற்றிலும் அவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மனைவியாகவே எழுதப்பட்டிருப்பார்.

ஆண்களின் நிலை வேறு. அவர்கள் பெயர் மாறவில்லை. குடியுரிமைக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு அந்த விண்ணப்பங்கள் வந்த கப்பலையும் நாளையும்கூடக் கேட்டன. ஆகவே ஆனியைத் தேடும் வழி தம்பிகளின் வழியாகத்தான் போக முடியும். 2006இல் நடந்ததும் அதுதான். ஸ்மோலென்யாக் இணையத்தில் 1,000 டாலர் பரிசு அறிவித்துத் தேடலைப் பொதுவில் வைத்தார். நியூயார்க் நகர ஆவணத் துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சன் தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பதிவைக் கண்டெடுத்தார். அதிலிருந்து பிலிப்பின் குடும்பம், அங்கிருந்து இன்று வாழும் உறவினர், அவர்கள் வழியாக ஆனி என்று சங்கிலி சில வாரங்களிலேயே கூடிவிட்டது. பல ஆண்டுகள் பெயரால் தேடிக் கிடைக்காதது, குடும்பமாகத் தேடியபோது கிடைத்தது. நெவாடாவின் பதிவேட்டில் ஆனி தனியாக இல்லை. ஆன்டனியும் பிலிப்பும் உடன் இருக்கிறார்கள். அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் குடும்பமே ஆனியின் குடும்பம் என்ற எளிய சோதனையை டெக்சஸ் வாசிப்பு தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இப்படி மீட்கப்பட்ட வாழ்க்கையில் மேற்கு நோக்கிய பயணம் இல்லை. ஆனி மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், சில தெருக்களின் எல்லைக்குள்ளேயே, வாழ்ந்து முடித்தார். 1895இல் புனித ஜேம்ஸ் தேவாலயத்தில், ஜெர்மானியக் குடியேறிகளின் மகனான ஜோசப் அகஸ்டஸ் ஷேயரை மணந்தார். கணவரின் தொழில் குறித்துக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. பேக்கரியில் எழுத்தர் என்கிறது ஒன்று. ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனையாளர் என்கிறது இன்னொன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்தப் பகுதித் தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வேலை வாய்ப்பது வழக்கமல்ல.

அதே பங்கில், ஏறத்தாழ அதே வயதில் வளர்ந்த இன்னொருவர் ஆல் ஸ்மித். புனித ஜேம்ஸ் பள்ளியில் படித்து, ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்து, நியூயார்க் மாநில ஆளுநராகி, 1928இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றவர். அவருடைய இளமைக்காலத் தெருக்களும் வேலைகளும் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்தே ஆனியின் சூழலை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பின்கட்டு அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகள் அந்தப் பகுதியில் நிறைந்திருந்தன. அறைக்கு அறை சன்னலும் வீட்டுக்குள் கழிப்பறையும் வேண்டும் என்று நியூயார்க் சட்டம் வற்புறுத்தியது 1901இல்தான். அதுவும் முதன்மையாகப் புதிய கட்டடங்களுக்கு.

ஆனி பெற்ற குழந்தைகள் குறைந்தது பதினொருவர். வளர்ந்து ஆளானவர்கள் ஐவர். ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பிறந்த சில நாளில் இறந்த குழந்தை எல்லாப் பதிவுகளுக்கும் எட்டியிருக்கும் என்று கொள்ள முடியாது. 1900, 1910 கணக்கெடுப்புகளில் தாய்மாரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு அந்தத் தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி வேறெந்தத் தாளையும்விட அதிகம் சொல்கிறது. பதினொன்றுக்கு ஆறு என்ற இழப்பை ஆனியின் தனிப்பட்ட துயரமாக மட்டும் படிப்பது தவறு; அந்தத் தெருக்களில் அது அரிதான கணக்கல்ல. அதற்காக அதைச் சராசரிக்குள் கரைத்துவிடுவதும் முறையல்ல. ஒரே தாய் ஆறு முறையேனும் அடக்கத்துக்குப் போய் வந்திருக்கிறார். மேற்கே நிலம் தேடிப் போன டெக்சஸ் கதையில் இந்த ஆறு குழந்தைகளுக்கு இடமே இருந்திருக்காது. அந்த வாசிப்பைத் திருத்த வேண்டியதன் முதன்மைக் காரணமும் இதுதான்.

ஆனி 1924 டிசம்பர் 6 அன்று இதயச் செயலிழப்பால் இறந்தார். அப்போதைய வயது 47 என்று 2006இல் வந்த முதல் செய்திகள் கூறின; பிறப்பு ஆண்டு 1874 எனக் கொண்டால் 50. இந்த மூன்றாண்டு வேறுபாடு அற்பமானதல்ல. 47 என்பது மீண்டும் 1877ஐயே சுட்டுகிறது. அதாவது துறைமுகத்தில் சொல்லப்பட்ட பதினைந்து வயதோடு ஒத்துப்போகிறது. ஆனி தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் குறைந்த வயதையே சொல்லிவந்தார் என்று வாதிடலாம். குடும்பத்தாருக்கும் அதுவே தெரிந்திருக்கலாம். அச்சில் வந்த ஒரு பிழையான வயது அப்படி ஒரு பெண்ணின் சொந்த நினைவாகவே மாறியிருக்கக் கூடும். சான்று மெலிந்தது, ஆனால் நிருபரின் தனிப்பட்ட சேர்க்கை என்பதைவிட, குடும்பமே சொன்ன வயது என்ற ஊகத்துக்கு இது சற்று வலுவூட்டுகிறது.

குவீன்ஸ் பகுதியின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். குறியீடு எதுவுமில்லாதிருந்த அந்த இடம் 2006இல் அடையாளம் காணப்பட்டு, அயர்லாந்து நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய செல்டிக் சிலுவை 2008 அக்டோபர் 11இல் நாட்டப்பட்டது. சிலைகளுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே கல்லறைக்குக் கல் வந்தது.

வழித்தோன்றல்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு கிளைகளைக் குழப்பிக்கொள்வது எளிது. தேடலில் முதலில் அகப்பட்டவர்கள் தம்பி பிலிப்பின் வழியினர். அவர்கள் ஆனியின் உறவினரே தவிர நேர்வாரிசுகள் அல்லர். ஆனியின் நேர்வாரிசுகள் எல்லோரும், ஆளான ஐந்து பிள்ளைகளில் மூவரிடமிருந்தே கிளைக்கிறார்கள்; மற்ற இருவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் 1960 வரை வாழ்ந்தார். பேரப்பிள்ளைகளின் தலைமுறையிலிருந்து குடும்பம் அந்தச் சில தெருக்களைக் கடந்து பரவியது. இன்று உறவு வட்டத்தில் ஐரிஷ், யூத, இத்தாலிய, ஸ்காண்டிநேவியக் குடும்பப் பெயர்கள் கலந்திருக்கின்றன. ஐரிஷ் பெண் ஜெர்மானியர் மகனை மணந்த 1895ஆம் ஆண்டுத் திருமணத்திலேயே இந்தக் கலப்பு தொடங்கிவிட்டது.