வெறுமையான வகுப்பறையில் இருவர்



இனவெறுப்பின் வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் சட்டங்களையும் தலைவர்களையும் போராட்டங்களையுமே எண்ணுகிறோம். அவை எண்ணத்தக்கவையே. ஆயினும், அவ்வெறுப்பு ஓர் இளம் உள்ளத்தில் ஏற்படுத்தும் புண் எத்தகையது, அதனை ஆற்றுதற்கு வேறோர் இனத்தவர் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து பார்த்தல் வேண்டும். அவ்வகுப்பறை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வில்லியம் பிரான்ஸ் ஆரம்பப் பாடசாலையில் இருந்தது.

வெள்ளையர்க்கொரு பாடசாலை, கறுப்பினத்தவர்க்கொரு பாடசாலை எனப் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் அதனை நிறைவேற்றாது காலங் கடத்தின. ஈற்றில், நீதிபதி ஸ்கெல்லி ரைட் பிறப்பித்த கட்டளையின்படி, 1960ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்சில் நான்கு கறுப்பினச் சிறுமியர் வெள்ளையர் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். மூவர் ஒரு பாடசாலைக்குச் சென்றனர். ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி மட்டும் வில்லியம் பிரான்சுக்குத் தனியே சென்றாள். தீர்ப்பு வந்த அதே ஆண்டிற் பிறந்தவள் அவள்.

நவம்பர் 14ஆந் திகதி, தாயுடனும் மத்திய அரசின் மார்ஷல்கள் நால்வருடனும் அவள் பாடசாலை வாயிலை அடைந்தாள். அங்கே பெருங்கூட்டம் கூச்சலிட்டது. அந்நகரத்தில் ஆண்டுதோறும் நிகழும் மார்டி கிரா என்னும் களியாட்ட விழாவே நடைபெறுகின்றதென்று குழந்தை எண்ணினாள். அன்று முழுவதும் அதிபரின் அறையிலேயே அமர்ந்திருந்தாள். வெள்ளையப் பெற்றோர் தம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்றனர். பின்னர் வந்த நாட்களில் ஒரு பெண், நஞ்சூட்டிக் கொல்வேன் என்று நாள்தோறும் அச்சுறுத்தினாள். மற்றொருத்தி சிறு சவப்பெட்டியொன்றிற் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டினாள்.

அக்குழந்தைக்குக் கற்பிக்க முன்வந்தவர் பொஸ்ரன் நகரிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்னும் வெள்ளை ஆசிரியை. அவர் பேருரை எதுவும் ஆற்றவில்லை. கரும்பலகையருகே தொலைவில் நின்று கற்பிக்காமல், குழந்தையின் பக்கத்தில் ஓர் ஆசனத்தை இட்டு அமர்ந்தார். விளையாட்டு மைதானத்துக்குச் செல்ல இயலாதவளுக்காக வகுப்பறையிலேயே உடற்பயிற்சி செய்வித்தார். தாமும் உடன் செய்தார். அந்த ஆண்டில் இருவரும் ஒரு நாளேனும் வரத் தவறவில்லை.

ஆயினும் புண் உள்ளே இருந்தது. இரவில் தீய கனவுகள் அவளை எழுப்பின. தனியே அமர்ந்து உண்ணப் பிடிக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாண் துண்டுகளை அலுமாரிக்குள் ஒளித்தாள். பாலைப் பசைச் சாடிக்குள் ஊற்றினாள். எலிகள் வரத் தொடங்கிய பின்னரே இது வெளிப்பட்டது. அதட்டுதற்குரிய குற்றமாக ஆசிரியை இதனைக் கொள்ளவில்லை. அதன் பின்னர் தாமும் அவளுடன் அமர்ந்து உண்டார்.

ரொபேட் கோல்ஸ் என்னும் வெள்ளையரான உளநோய் மருத்துவர் தாமாகவே முன்வந்து, ரூபியின் வீட்டுக்குச் சென்று அவளைச் சந்தித்தார். அவளை வினாக்களால் வருத்தாமல் வண்ணக் கோல்களைக் கொடுத்துப் படம் வரையச் செய்தார். அவள் வரைந்த வெள்ளையர் முழு உருவினராயிருந்தனர். கறுப்பினத்தவரோ சிறுத்து, உறுப்புக் குறைந்து காணப்பட்டனர். வாயாற் சொல்ல இயலாததைக் கை சொல்லிற்று.

தன்னை ஏசிய கூட்டத்துக்காக அவள் இறைவனை வேண்டினாள் என்பதும் பதிவாகியுள்ளது. அது அவளுடைய குடும்பம் கற்பித்த வழி. அது அவளுக்கு வலிமை தந்தது. ஆயினும் புண்பட்டோர் அனைவரிடமும் அத்தகைய பொறையை எதிர்பார்க்கும் உரிமை பிறர்க்கில்லை.

துன்பம் குடும்பத்தையும் தாக்கியது. தந்தை வேலையை இழந்தார். மிசிசிப்பியிற் குத்தகைக்குப் பயிரிட்ட பாட்டன் பாட்டி நிலத்தைவிட்டு நீங்கினர். அயலவரோ தந்தைக்குத் தொழில் கொடுத்தனர். வீட்டைக் காவல் காத்தனர். சிறுமியை ஏற்றிச் சென்ற வண்டியின் பின்னே நடந்து சென்றனர். லொயிட் போர்மன் என்னும் வெள்ளைப் போதகரும் தம் ஐந்து வயது மகளைக் கைப்பிடித்து, அக்கூட்டத்தினூடே அதே பாடசாலைக்கு அழைத்துச் சென்றார்.

நேயர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாடசாலைக்குத் திரும்பிய சில வெள்ளைப் பிள்ளைகள் ரூபியின் கண்ணிற் படாதவாறு வேறோர் அறையில் வைக்கப்பட்டிருந்தனர். இதனை எதிர்த்தவர் ஹென்றி அம்மையாரே. சட்டத்தை மீறுகிறீர்கள், மேலதிகாரிக்கு அறிவிப்பேன் என்று அவர் வற்புறுத்திய பின்னரே, ஆண்டின் இறுதியில் அப்பிள்ளைகள் அவளுடன் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு சிறுவன், நீ கறுப்பி, ஆகையால் உன்னுடன் விளையாடக்கூடாதென அம்மா சொன்னார் என்றான். ஓராண்டாக நிகழ்ந்தவற்றின் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

தெருவிற் கூச்சலிட்டவர்களைக் கண்டிப்பது எளிது. பாடசாலை நடத்தும் எம்மைப் போன்றோர்க்கு உண்மையான சோதனை வேறு. தொல்லை வராதிருக்கட்டும் என்று ஒரு கதவைச் சாத்திவைக்கும் நிருவாகம் கூச்சலிடுவதில்லை, கல் எறிவதுமில்லை. ஆயினும் கூட்டம் விரும்பியதையே அது அமைதியாக நிறைவேற்றிவிடுகிறது. இரக்கப்படுதல் மட்டும் நட்பாகாது. தன் இனத்தவரிடம், தன் மேலதிகாரியிடம், தனக்கு நட்டம் வருமென்று அறிந்தும் பேசுதலே நட்பாகும். ஹென்றி அம்மையார் மறு ஆண்டு அப்பாடசாலையில் வைத்துக்கொள்ளப்படவில்லை.

பின்னர் நோர்மன் ரொக்வெல் என்னும் ஓவியர் வெள்ளுடை அணிந்த ரூபி மார்ஷல்களிடையே நடந்து செல்லும் காட்சியைத் தீட்டினார். 2011ஆம் ஆண்டு அவ்வோவியம் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டபோது, நாட்டின் முதற் கறுப்பின ஜனாதிபதியாகிய பராக் ஒபாமாவுடன் ரூபி அதன்முன் நின்றார். ஆனால் அவ்வோவியம் வாயிலுக்கு வெளியே முடிந்துவிடுகிறது. உள்ளே, வெறும் ஆசனங்களின் நடுவே, ஒரு குழந்தையின் பக்கத்தில் நாள்தோறும் ஓர் ஆசிரியை அமர்ந்திருந்தார். புண் ஆறத் தொடங்கியது அங்கேதான்.