மாறிலியைக் கூட்டினால் திருத்தமாகுமா? ஜாவா நூலகத்தின் இரு பிழைகளை முன்வைத்து

பொதுப் பயன்பாட்டு நிரல் நூலகத்தில் வெளியே தெரிவது செயற்கூறின் பெயரும் அது தரும் உறுதியும் மட்டுமே. உள்ளே என்ன நடக்கிறது என்று கவலைப்படாமல் இருப்பதற்காகத்தான் நூலகத்தையே நாடுகிறோம். அந்த உள்ளே, எழுதியவர் மனத்தில் இருந்தும் நிரலில் பதிவாகாமல் போன அனுமானங்கள் பல உண்டு: இந்தக் கூட்டல் நிரம்பி வழியாது, இந்த விதி எந்நிலையிலும் நிற்கும் என்பன போன்றவை. அவற்றுள் ஒன்று உடையும்போது எதைத் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விபரீதம் வெளிப்பட்ட இடத்திலுள்ள எண்ணை மாற்றுவது திருத்தம் ஆகாது. உடைந்த விதியைத் தேடிச் சரிசெய்வதே திருத்தம் என்பது என் வாதம். ஜாவாவின் 'யூட்டில்' தொகுதி இதற்குத் தெளிவான சான்று தருகிறது.

முதலில் இருமத் தேடல். வரிசைப்பட்ட அணியின் நடுவைப் பார்த்து, தேவையற்ற பாதியைத் தள்ளிக்கொண்டே போகும் முறை இது. ஜான் பென்ட்லி தம் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் இதை எடுத்துக்கொண்டு, சரியானது என்று நிறுவியும் காட்டினார். அந்த வடிவத்தை ஒட்டியே ஜோஷுவா பிளாக் ஜாவா நூலகத்துக்கு இருமத் தேடலை எழுதினார். அதில் நடு = (கீழ் + மேல்) / 2 என்று ஒரு வரி. கணிதத்தில் இதில் குற்றமே இல்லை. ஜாவாவின் முழு எண் வகையோ 32 பிட் கொண்டது. அது தாங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. கீழ் 1500000000, மேல் 1600000000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 3100000000 ஆக வேண்டும். அது எல்லையைத் தாண்டிச் சுற்றிவந்து −1194967296 ஆகிறது, பாதி −597483648. எதிர்ம இடத்தில் அணியைத் தொட முயன்று நிரல் நின்றுபோகிறது.

இப்பிழையைப் பிளாக் 2006இல் வெளிப்படையாக எழுதினார். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் கொண்ட அணி 1990களின் கணினிகளில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆகவே எந்தச் சோதனையும் இதைத் தொடவில்லை. பென்ட்லியின் நிறுவலைப் பொய் என்று சொல்லவும் முடியாது. எல்லையற்ற முழு எண்களுக்கு அது செல்லும். எந்திரத்தின் எண்களைப் பற்றி அது பேசவே இல்லை. திருத்தம் செய்யப்பட்ட விதம்தான் இங்கே முக்கியம். கூட்டுத்தொகையைக் குறியற்ற எண்ணாகக் கருதி, பிட்டுகளை ஓரிடம் வலப்புறம் நகர்த்தினார்கள். எதிர்மமல்லாத இரு 31 பிட் எண்களின் கூட்டுத்தொகை 32 பிட்டைத் தாண்டாது என்பதால், அணி எவ்வளவு பெரிதானாலும் இது நிற்கும். அனுமானமே மாற்றப்பட்டது, அந்தப் பிழை அதோடு தீர்ந்தது.

அடுத்ததில் அப்படி நடக்கவில்லை. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைதானுக்காக உருவாக்கிய டிம்சார்ட்டை ஜாவா தன் 7ஆம் பதிப்பில் பொருள்களை வரிசைப்படுத்த ஏற்றுக்கொண்டது. தரவில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பகுதிகளை இது கண்டெடுத்து, அவற்றின் நீளங்களை ஓர் அடுக்கில் போட்டு, அருகருகே உள்ளவற்றை இணைக்கிறது. அடுக்கில் எப்போதும் இரு விதிகள் நிற்க வேண்டும்: ஒவ்வொரு நீளமும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டலைவிடப் பெரிது, தனக்கு அடுத்து மேலுள்ளதைவிடவும் பெரிது. விதிகள் நின்றால் நீளங்கள் ஃபிபனாச்சி வேகத்தில் வளரும். ஆகவே சிறிய அடுக்கே போதும். ஜாவாவில் அதன் அளவை அணியின் நீளத்துக்கு ஏற்ப 5, 10, 19, 40 என்று வைத்தார்கள்.

விதிகளைக் காக்கும் செயற்கூறு அடுக்கின் உச்சியிலுள்ள மூன்றை மட்டுமே பார்த்தது. அடுக்கில் அடியிலிருந்து 120, 80, 25, 20 என்று இருக்கிறது. 30 புதிதாக வருகிறது. 25 என்பது 20, 30 இவற்றின் கூட்டலைவிடச் சிறிது, விதி உடைகிறது. 25, 30ஐவிடச் சிறியதும்கூட. எனவே 25உம் 20உம் இணைந்து 45 ஆகின்றன. இப்போது 120, 80, 45, 30. உச்சி மூன்றில் 80, 75ஐவிடப் பெரிது. 45, 30ஐவிடப் பெரிது. எல்லாம் சரி என்று செயற்கூறு நிறுத்திவிடுகிறது. அடியிலோ 120 என்பது 80, 45 இரண்டும் சேர்ந்த 125ஐவிடச் சிறிது. விதி உடைந்து கிடக்கிறது, பார்ப்பார் இல்லை.

2015இல் ஸ்டைன் த கவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'கீ' என்னும் நிரல் சரிபார்ப்புக் கருவியைக் கொண்டு டிம்சார்ட்டைச் சரியென்று நிறுவ முற்பட்டபோது இது அகப்பட்டது. பல ஆண்டுகள் உலகெங்கும் ஓடிய நிரலில் சோதனை காட்டாததை, நிறுவ முயன்று முடியாமல் போனது காட்டிற்று. 67108864 உறுப்புகள் கொண்ட அணியில் அடுக்கு நிரம்பி நிரல் விழுவதை அவர்கள் செய்தே காட்டினார்கள். இன்னும் ஓர் இடம் கீழே பார்த்தால் போதும் என்று தீர்வும் தந்தார்கள். பைதான் அதை ஏற்றது. ஜாவா ஏற்கவில்லை, அடுக்கின் அளவை மட்டும் கூட்டியது. முன்பே 19ஐ 24 ஆக்கியிருந்தார்கள்; இப்போது 40, 49 ஆயிற்று.

அந்த 49 கண்ணை மூடிக்கொண்டு வைத்த எண் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். விதி உடைந்த நிலையிலும் அடுக்கு எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுப் பெற்றது அது. இயங்கும் நிரலின் தர்க்கத்தைத் தொடாமல் மாறிலியை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது என்ற எண்ணமும் நூலகப் பராமரிப்பில் இயல்பானதே. ஆனால் உடைந்த விதியின்மேல் போடும் கணக்கு மிகச் சிக்கலானது. எந்தெந்த விதத்தில் விதி உடையலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணி முடித்தாக வேண்டும். ஒன்று விட்டாலும் எண் தவறும். 2018இல் ஓஜே, ஜூஜே, நிகோ, பிவொதோ என்னும் ஆய்வாளர்கள் டிம்சார்ட்டின் வேகத்தை ஆராய்கையில், ஜாவா வடிவம் இன்னமும் ஓட்டத்தின் நடுவே விழக்கூடும் என்று கண்டார்கள். அதன் பின்னரே, 11ஆம் பதிப்பில், ஜாவா தன் செயற்கூறை இன்னும் ஓரிடம் கீழே பார்க்க வைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கையில் கிடைத்த திருத்தம்தான் அது.

உறுதி என்பது நூலகத்தின் பக்கம் மட்டும் இருப்பதல்ல. எது முன், எது பின் என்று சொல்லும் ஒப்பீட்டுச் செயற்கூறை வரிசையாக்கத்தை அழைப்பவர் தருகிறார். அது முரணின்றி இருக்க வேண்டும். பலர் அதை 'அ − ஆ' என்ற கழித்தலாக எழுதிவிடுகிறார்கள். −2000000000இலிருந்து 2000000000ஐக் கழித்தால் 32 பிட்டில் கிடைப்பது 294967296, சிறியது பெரியதாகிவிடுகிறது. இருமத் தேடலின் கூட்டலில் இருந்த அதே குறை. டிம்சார்ட்டுக்கு முன் ஜாவாவில் இருந்த இணைப்பு வரிசையாக்கம் இதைக் கண்டுகொள்ளாமல் தவறான வரிசையைத் தந்துவிடும். டிம்சார்ட்டோ ஒப்பந்தம் மீறப்பட்டதென்று சில வேளைகளில் பிழை எறியும். 7ஆம் பதிப்புக்கு மாறிய நிரல்கள் சில திடீரென்று நின்றதற்கு இது காரணம். அமைதியாகத் தவறுவதைவிட இது மேல் என்றே கருதுகிறேன்.

பைதான் 3.11இல் இணைப்பு விதியையே மாற்றி, மன்ரோவும் வைல்டும் வகுத்த 'பவர்சார்ட்' முறைக்கு வந்துவிட்டது. அதில் அடுத்தடுத்த பகுதிகளுக்கிடையே ஓர் எண் கணிக்கப்படுகிறது. அடுக்கில் அந்த எண்கள் மேல்நோக்கி ஏறுமுகமாகவே இருக்கும். ஒன்றுகூட இருமுறை வராது. எனவே அடுக்கின் உயரம் உறுப்பு எண்ணிக்கைக்கு இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையை ஒட்டியே நிற்கிறது. அந்த எல்லையைப் பெற ஒரு வரி நிறுவல் போதும். தனிக் கணக்கு வேண்டியதில்லை.